படகுக்கு எடுத்த எக்ஸ்ரே

என் கணவர் பஹ்ரைனிலிருந்து பேசும்போதெல்லாம் எங்கள் படகைத் தட்டச் சொல்வார். சாப்பிட்டாயா, மழை உண்டா, வீட்டு மோட்டார் ஓடுகிறதா என்றெல்லாம் கேட்டு முடித்து, கொஞ்சம் தயங்கி, "கரைக்குப் போனா ஒரு தட்டு தட்டிக் காட்டேன்" என்பார். நான் மணலில் கவிழ்ந்து கிடக்கும் படகோடு ஒட்டினாற்போல் போனைப் பிடித்துக்கொண்டு, ஐந்து ரூபாய்க் காசால் முன்மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே போவேன். அதை அணியம் என்போம். போனில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எஞ்சின் மாட்டும் பின்பக்கத்துக்கு அமரம் என்று பெயர். அங்கே வந்து சேர்ந்ததும், "போதும், நல்லாத்தான் இருக்குது" என்பார். அந்தக் காசை இதற்கென்றே போன் கவருக்குள் வைத்திருந்தேன்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். "இன்னாம்மா, படகுக்கு உயிர் இருக்குதான்னு பாக்குறியா?" என்று ஒருவர் கேட்டார். சிரிக்கட்டும். அவர்களும் அப்படித்தான் சோதிப்பார்கள். ஃபைபர் படகு என்பது ஒரே கட்டையில் செய்ததில்லை. கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிசின் ஊற்றித் தேய்த்து, அதன் மேல் இன்னொரு பாய், இன்னொரு பிசின் என்று அடுக்கிச் செய்தது. அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருந்தால் தட்டும் சத்தம் கணீரென்று வரும். உள்ளே விட்டுப்போயிருந்தால் மந்தமாக வரும். ஆனால் அமரத்தில் உள்ளே மரப்பலகை வைத்து மூடியிருப்பதால் அங்கே நல்ல படகும் மந்தமாகத்தான் பேசும். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அமரம் வந்ததும் போதும் என்பார்.

தட்டிப் பார்ப்பதில் நான் அவருக்கு இளைத்தவள் இல்லை. உள்ளே பழுது தேடுவதுதான் என் பிழைப்பு. வானூர் பக்கத்தில் காற்றாலை இறக்கைக்கும் இன்னும் எதெதற்கோ ஃபைபர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், செய்த பாகத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகு என்னிடம் அனுப்புவார்கள். நான் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே பழுது இருக்கிறதா என்று சொல்வேன்.

ஊரில் இந்த வேலை யாருக்கும் பிடிபட்டதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முழங்காலை நீட்டிவிடுவார்கள். ஒருமுறை மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா தன் இடுப்பு எக்ஸ்ரே கவரால் என் தோளைத் தட்டி, அதை நீட்டினார். "நான் எலும்பு பாக்கறதில்ல பெரியம்மா, ஃபைபர் பாக்கறேன்" என்று கிசுகிசுத்தேன்.

"அதுக்கு இன்னா நோவு வரும்?" என்று அவர் சத்தமாகவே கேட்டார்.

கோபம் வந்தாலும் நியாயமான கேள்விதான். காற்றுக் குமிழி வரும், பிசின் சேராமல் நார் வறண்டு நிற்கும், நார் ஒடியும். இவை எல்லாம் படத்தில் தெரிந்துவிடும். கதிரைத் தடுக்கும் இடம் வெள்ளை, தடுக்காத இடம் கறுப்பு. தெரியாத நோவு ஒன்று உண்டு. அதுதான் மோசமானது. அடி வாங்கிய பாகத்தில் இரண்டு அடுக்குகள் சத்தம் போடாமல் பிரிந்துவிடும். மேலே பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. நேருக்கு நேர் வைத்து எக்ஸ்ரே எடுத்தால் படமும் சுத்தமாக வரும். ஏனென்றால் அங்கே எதுவும் குறையவில்லை. இருந்த இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, ஒன்றையொன்று பிடித்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் சந்தேகம் வந்தால் விரிசல் வழியாக ஒரு மருந்துத் திரவத்தை உள்ளே இறங்கவிடுவோம். வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் குடிக்கக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. மருந்து போன இடமெல்லாம் படத்தில் வெள்ளையாக எழும்பும். அது போவதற்கு வழி இல்லையென்றால் நாங்கள் ஏமாந்தோம்.

எங்கள் படகு அடி வாங்கியது ஒரு புயலில். கரையில் கட்டியிருந்ததை அலை தூக்கி, கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கற்களில் அடித்தது. நொறுங்கியது உள்ளங்கை அகலம்தான். ஒட்டுப் போட்டு, நீலப் பெயிண்ட் அடித்து, மறுபடி தொழிலுக்குப் போனார். ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. அந்த வருடம் மாதா திருவிழாவில் பெண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் கடலில் போய்வந்தார்கள். நான் அமரத்தில் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் வேகம் எடுத்ததும் என் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது. தொழிற்சாலைப் புத்தி சும்மா இருக்குமா, "இன்னாங்க இது, இப்படி ஆடுது?" என்றேன். "எஞ்சின் பழசுடி. இங்கயும் வந்து வேல பாக்காத" என்றார்.

அதன் பிறகு மீன்பாடு சரியில்லை. பஹ்ரைனில் மீன்பிடிப் படகுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், இரண்டே வருடம் என்று சொல்லி, எஞ்சினைக் கழற்றி வீட்டில் போட்டு, படகைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் இன்னொரு இரண்டு வருடம். இங்கே சொந்தப் படகு மணலில் கிடக்க, அங்கே எவனுடைய படகிலோ எவனுக்கோ மீன் பிடிக்கிறார்.

அவர் இல்லாத வீட்டில் எனக்குக் கோபம்தான் அதிகமாக வரும். குக்கர் விசில் மேல் கோபம், பக்கத்து வீட்டுச் சிரிப்பு மேல் கோபம். அதற்குப் பெயர் ஏக்கம் என்று புரிய நாளாயிற்று. சாப்பிடும்போது அவர்தான் எனக்கு முள் எடுத்துத் தருவார். மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு மத்தி மீனில் முள் எடுக்கத் தெரியாதா என்று கேலி செய்துகொண்டே எடுப்பார். எனக்குத் தெரியும்தான், ஆனால் அவர் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். அவர் போனதிலிருந்து முள் மீன் வாங்குவதையே விட்டுவிட்டேன். மீன்காரம்மா, "கடலுக்குப் போறவன் பொண்டாட்டி கோழிக்கறி திங்குது" என்று என் காதுபடவே சொல்வாள்.

இந்த வருடம் கோடையில் ஒப்பந்தம் முடியும் சமயம் வந்தது. அவருடைய முதலாளி, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டுவிட்டார்.

"படகு நல்லாருந்தா வந்துடறேன்" என்றார் போனில். "திருவிழாவுக்கு சாமியார வெச்சு மந்திரிச்சு எறக்கிடலாம். இல்லன்னா இன்னொரு தபா கையெழுத்து போட்டுட்டு, புதுப் படகுக்கு சேத்துக்கினு வர்றேன். நீதான் எக்ஸ்ரே எடுக்கறவளாச்சே, பாத்து சொல்லு."

இவ்வளவு நாள் காசால் தட்டியதில் நல்லாயிருக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது என்னைக் கேட்டார். அவருக்கும் அமரத்தின் மேல் பயம் இருந்திருக்கிறது.

மேலாளரிடம் போய் நின்றேன். "படகா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம், இறக்கைத் துண்டுகள் போகிற அறைக்குள் படகு போகாதா என்ன, ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மாதானே கிடக்கிறது, புது ஆட்களுக்குப் பயிற்சியாகவும் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

படகைக் கொண்டுபோக என் கொழுந்தனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவன். கவிழ்த்த படகு காற்றில் புரளாமல் இருக்க மேலே மணல் மூட்டை அடுக்குவது கரையில் வழக்கம். போன மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்த அன்று, மணல் அள்ள யார் குனிவது என்று நினைத்தானோ என்னவோ, பாத்தி ஓரம் விலைபோகாமல் கிடந்த அழுக்கு உப்பு மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிவந்து படகின் முதுகில் அடுக்கிவிட்டான். புயல் வேறெங்கோ போயிற்று. மழை மட்டும் வாரக்கணக்கில் பெய்தது. நான் ஒருநாள் போய்ப் பார்த்தால் மூட்டைகள் இளைத்து, சாக்கு சப்பையாகப் படகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பெல்லாம் கரைந்து படகின் மேல் ஓடியிருந்தது.

"உப்ப மழையில வெப்பாங்களா தம்பி? நீ உப்பளத்துலதான வேல செய்யற?" என்று கத்தினேன்.

"வெயிட்டா இருந்துச்சு அண்ணி" என்றான்.

அந்தப் பதிலை நினைத்து நினைத்தே பல மாதம் அவனைத் திட்டினேன். பங்குனி வெயிலில் படகு காய்ந்தபோது பெயிண்ட் மேலெல்லாம் வெள்ளை பூத்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வைத்தேன். பார்வைக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் டிராக்டர் கிளம்பியது. டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அமரத்தில் கொழுந்தன் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தான். ஈசிஆரில் ஆரோவில் பக்கம் திரும்புகிற இடத்தில் ஸ்கூட்டரில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நிறுத்தி, கடல் இருக்கும் திசையையும் படகு போகும் திசையையும் மாறிமாறிப் பார்த்தார். நான் பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தேன்.

படம் சுத்தமாக வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். அடுக்குகள் பிரிந்திருந்தாலும் நேர்ப்படத்தில் தெரியப்போவதில்லை. கம்பெனி மருந்தைப் படகு முழுக்க ஊற்ற யாரும் தரப்போவதில்லை. நார் ஒடிந்திருக்காது என்று நம்பினேன். அப்படியென்றால், "படத்துல ஒண்ணும் இல்லங்க" என்று அவரிடம் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியில் பொய் இல்லை. வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சொல்லச் சொல்ல, திருவிழாவுக்கு என்ன புடவை கட்டுவது என்பதுவரை மனம் போய்விட்டது.

ஈயக் கதவுக்குப் பின்னால் படகை மல்லாத்தி வைத்தோம். உள்பக்கம் படம் பிடிக்கும் பேனல், வெளிப்பக்கம் எக்ஸ்ரே குழாய். கதவை மூடி, சிவப்பு விளக்கு எரிந்ததும் கதிரைப் பாய்ச்சினேன். முதல் படம் அணியம். சுத்தம். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தது. அடுத்த படத்தில் ஒட்டின் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளைக் கரை. பேனலில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கரை அதே இடத்தில் இருந்தது. அடுத்ததில் அது விரிந்தது. அதற்கடுத்ததில் கிளை விட்டது. நான் பேனலை நகர்த்த நகர்த்த அதுவும் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது, நேராக அமரம் வரைக்கும்.

கொழுந்தன் என் பின்னால் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சவுக்கு வேரு மாதிரி இருக்குது அண்ணி. இன்னா அது?"

கதவைத் திறந்தேன். உள்ளே போய் அமரத்தின் மூலையில் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். மயிரிழைக் கீறல் ஒன்றில் வெள்ளையாகத் தூள் இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மழையில் கரைந்த உப்புத் தண்ணீர் அந்தக் கீறல்கள் வழியாக இறங்கி, பிரிந்து கிடந்த அடுக்குகளுக்கு நடுவில் போகக்கூடிய தூரம் வரை போய், கோடை வெயிலில் அங்கேயே காய்ந்திருக்கிறது. கம்பெனியில் நாங்கள் மருந்து விட்டுச் செய்வதை, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் எடுத்துக்கொண்டு அழுக்கு உப்பு செய்து முடித்திருந்தது. நேர்ப்படத்தில் தெரியாமல் போயிருக்க வேண்டிய பிளவு முழுவதும் எனக்கு எதிரே வெள்ளையாக நின்றது.

"உப்பாலதான் கெட்டுப்போச்சா?" என்றான் கொழுந்தன். "நான்தான் கெடுத்துட்டேனா அண்ணி?"

"இல்லப்பா. கெட்டுப்போன எடத்துலதான் உப்பு போயிருக்குது. அந்தப் புயல்லயே கெட்டுடுச்சு."

அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, நல்லது செய்தாய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவன் படத்தருகே குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"அண்ணங்கிட்ட இத சொல்லணுமா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு படகைக் கட்டப் போய்விட்டான். அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் அண்ணன் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் கரையில் ஃபைபர் வேலை செய்கிறவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "பிரிஞ்சத எல்லாம் உரிச்சு எடுத்தா படகே மிஞ்சாதும்மா. ஏரியில ஓட்டலாம். கடலுக்கு எஞ்சின மாட்டிக்கினு போனா, என்னிக்கோ ஒரு நாளு அமரம் கையோட வந்துடும்" என்றார். படகு பழைய இடத்துக்கே வந்து கவிழ்ந்துகொண்டது. கொழுந்தன் இந்தத் தடவை மணல் மூட்டை வைத்தான்.

அவர் கடலுக்குள் போயிருந்ததால் அந்த வாரம் முழுக்கப் பேச முடியவில்லை. அது எனக்குக் கொடுத்த அவகாசம் நல்லதற்கில்லை. படத்தை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். பக்கத்தில்தானே ஓட்டுவார், அலை இல்லாத நாளில் போனால் போதாதா என்று தோன்றும். ஒரு சாயங்காலம் மத்தி வாங்கிவந்து குழம்பு வைத்து, நானே முள் எடுத்துச் சாப்பிட்டேன். முள் எடுக்க எடுக்க அழுகை வந்தது. எனக்கு அவர் வேண்டும். இந்தத் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அதற்கு என்ன சொல்லவும் நான் தயார் என்றுதான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் புடவையும் திருவிழாவும் வரவில்லை. அந்த வெள்ளை வேர்தான் வந்தது, அதற்கு மேலே அமரத்தில் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் நிற்பதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைப்பு வந்தபோது கரையில்தான் இருந்தேன்.

"எடுத்தியா?"

"எடுத்தேங்க."

"இன்னா சொல்லுது?"

"வேணாம்னு சொல்லுது."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு கடந்து போனார்கள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"தட்டிப் பாத்தமே" என்றார். "நல்லாத்தான கேட்டுச்சு."

"கேட்டுச்சு. மேலடுக்கு பிடிச்சிருக்குது, அதான். ஆழத்துல அமரம் வரைக்கும் விட்டுப்போயிருக்குதுங்க. அன்னிக்கு திருவிழாவுல ஆடுச்சே, அது எஞ்சின் இல்ல."

"எப்படித் தெரிஞ்சுது?"

உப்பு மூட்டைக் கதையைச் சொன்னேன். தம்பியின் புத்தியை நினைத்து ஒரு சிரிப்பு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவன் மணல் மூட்டையே வெச்சிருந்தா?"

"படத்துல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"நான் வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. திருவிழா முடிஞ்சு தொழிலுக்குப் போயிருப்பீங்க" என்றேன்.

"சரி. கையெழுத்து போட்டுடறேன்" என்றார். "ரெண்டு வருஷம்தான்."

"ம்."

"எங்க இருக்கற?"

"படகாண்டதான்."

"தட்டு."

"இனிமே எதுக்குங்க? அதான் தெரிஞ்சுபோச்சே."

"தட்டுடி."

போன் கவருக்குள்ளிருந்து காசை எடுத்தேன். போனைப் படகோடு சேர்த்துப் பிடித்து, அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே நடந்தேன். அவர் மூச்சு கேட்டது. ஒட்டுப் போட்ட இடம் வந்தது, தாண்டினேன். அமரம் வந்தது. நின்று, அவர் போதும் என்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. நான் திரும்பி, அணியத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போனேன்.